குமியாத துணி

அன்று காலை எங்கள் நைட்டி தைக்கிற ஷெட்டில் இருந்தவர்கள் இவர்கள். என் தம்பி சங்கரபாண்டியின் மனைவி கோமதித்தாய். அவள் மகன் மகாராஜன். மகாராஜன் கட்டிக்கொண்டு வந்த வாசுதேவநல்லூர்ப் பெண் இசக்கிச்செல்வி. துணி வெட்டும் மாஸ்டர் பெத்துராஜ். தைக்கிறவர்களில் சுப்புத்தாய், சங்கரேஸ்வரி, பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வரும் அபிஷா, கரிவலத்து அக்கா தங்கச்சியான பேச்சியம்மாளும் பூலம்மாளும். முக்காலியில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் ஆவுடைத்தாய். வாசலை ஒட்டிய நாற்காலியில் நான். வேறு யாரும் இல்லை.

அது ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. மேற்கே மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. சாரல் அங்கேயே நின்றுவிட, காற்று மட்டும் சங்கரன்கோவில் வரைக்கும் வந்து தெருப்புழுதியை அள்ளிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்தால் வெட்டிய துணி பறக்கும். மூடினால் வேர்த்து ஒழுகும். பாதி மூடிய கதவுக்கு என் நாற்காலியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். மகாராஜனும் பெத்துராஜும் மெஷின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நடுக்கூடத்தில் நேர்கோடாகப் போட்டார்கள்.

அதுவரை ஆறு மெஷினும் சுவரோரமாக, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக் கிடந்தன. வெட்டு மேசையை ஒட்டிய முதல் மெஷின் கோமதித்தாயுடையது. பெத்துராஜ் வெட்டிக் கட்டும் முதல் கட்டு அவள் கைக்குப் போன பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். என் தம்பி இருந்த காலத்தில் ஏற்பட்ட மரியாதை அது. அவன் போன பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு கட்டை வாங்கி முழு நைட்டியையும் தானே தைத்து முடிப்பாள். தோள், ஜிப், கழுத்து, கை, ஓரம், கீழ்மடிப்பு எல்லாம் ஒரே ஆள் கை. "இது என் பீஸ்" என்று தூக்கிக் காட்டலாம். அதில் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமையில் ஒரு ஓட்டையும் இருந்தது. அதைச் சொன்னவர் சிஹாபுதீன்.

சிஹாபுதீன் எங்கள் சரக்கைக் கேரளத்துக்கு அனுப்புகிற வியாபாரி. தம்பியோடு பழகியவர். நேரான மனிதர். முந்தின வாரம் வந்து, கொடுத்த கலர் சோடாவைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"அண்ணாச்சி, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். நம்ம கோமதித்தாய் தங்கச்சி தைக்கிற கழுத்து இருக்குல்லா, அதைக் கேட்டு வாங்குதாக. இஸ்திரி போட்ட மாதிரி படிஞ்சு கெடக்கும். அதே மூட்டைல அடுத்த பீஸை எடுத்தா கழுத்து சுருங்கிப்போய் நிக்கி. ஒரே பேருல ரெண்டு விதமா வித்தா கடைக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"என்ன செய்யணும்னு சொல்லுங்க பாய்" என்றான் மகாராஜன்.

"எல்லாக் கழுத்தும் அந்தக் கழுத்தா இருக்கணும். இப்ப வார சரக்கும் பத்தாது. ஓணத்துக்கு உள்ளது மொத்தமும், கோவில்ல ஆடித்தவசுக் கொடியேத்தத்துக்கு முன்னால லாரி ஏறணும். முடியும்னா செய்யுங்க. முடியலன்னா கோவிச்சுக்காதீக, ஷெட்டை எங்கிட்ட விட்டுருங்க. நான் ஆள் போட்டு நடத்துதேன். உங்க வீட்டுப் பொம்பளையாளுகளுக்கும் அங்கன வேலை உண்டு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கடைசியில் சொன்னதைக் கேட்டு நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"பாய், சங்கரபாண்டி பொண்டாட்டி அவ புருசன் கட்டுன ஷெட்டுல இன்னொருத்தருக்குக் கூலிக்கு உக்கார மாட்டா. கொடியேத்தத்துக்கு முன்னால சரக்கு வரும். இது என் சொல்லு."

"உங்க சொல்லு போதும் அண்ணாச்சி. இன்ஷா அல்லாஹ்." அப்புறம்தான் கலரைக் குடித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இசக்கிச்செல்வி பேசினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள். தோசை ஊற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"பெரிய மாமா சொல்லு குடுத்துட்டீக. நல்லது. ஆனா ஆளுக்கொரு முழு உருப்படி தச்சா ஆகாது மாமா. லைன் போடணும். ஒருத்தி தோள், ஒருத்தி ஜிப், ஒருத்தி கழுத்து. கை மாறி மாறிப் போவணும். கழுத்து எல்லாம் அத்தை தச்சா எல்லாம் அத்தை கழுத்தா ஆயிருமுல்லா?"

"அப்ப கோமதித்தாய் முதல் மெஷினை விட்டு நடுவுல உக்காரணுமோ?" என்று கேட்டேன்.

"ஆமா மாமா. கழுத்து மூணாவதாத்தான் வரும்."

எனக்குச் சம்மதமில்லை. வாயைத் திறப்பதற்குள் அடுப்படிக்குள்ளிருந்து கோமதித்தாயின் குரல் வந்தது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் என்னிடம் நேரடியாகப் பேசியதில்லை. எங்கள் குடும்பத்தில் புருஷனுடைய அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வாள். எனக்குக் கேட்கும். அன்றும் மகனிடம்தான் சொன்னாள்.

"ஏல மகராசா, அவ சொல்லுதது நல்லாத்தான இருக்கு. எங்கன உக்காந்தா என்ன? போடச் சொல்லு."

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை மெஷின்கள் இடம் மாறின. முதலில் தோள் வேலைக்குச் சங்கரேஸ்வரி. அடுத்து ஜிப்புக்குச் சுப்புத்தாய். மூன்றாவது, கழுத்துக்குக் கோமதித்தாய். பிறகு கை மாட்டப் பேச்சியம்மாள், ஓரம் சேர்க்கப் பூலம்மாள், கீழ்மடிப்புக்கு அபிஷா. கடைசியில் முக்காலியில் ஆவுடைத்தாய். கூலி எப்படி என்று முதலில் கேட்டவள் சுப்புத்தாய். முடிந்து வெளியே வருகிற நைட்டிக்கு எல்லாருக்கும் சமமாக என்று இசக்கிச்செல்வி சொன்னாள்.

"அப்ப ஒருத்தி தூங்கினா எல்லாருக்கும் கூலி தூங்கும்" என்றாள் சுப்புத்தாய். "ஏட்டி பூலு, கேட்டுக்கோ."

"என்னைய ஏன் சொல்லுதீக? நான் என்னைக்குத் தூங்கினேன்?"

"போன செவ்வாக்கிழம மதியம். மெசினு ஓடுச்சு, நீ ஓடல."

கோமதித்தாய் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். சூடம் காட்டி, நெற்றியில் கோவில் புற்றுமண் இட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள்.

வேலை தேறவில்லை.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. சாயங்காலம் மகாராஜன் கட்டிவைக்கிற மூட்டை, பழைய முறையில் தைத்த காலத்தைவிடச் சிறுத்துப்போனது. தெருவில் மூன்று வீடு தள்ளித் தறிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் ஷெட்டிலும் மெஷின் சத்தம் கேட்கத்தான் செய்தது. யாரும் சும்மா இருந்ததாகத் தெரியவில்லை.

இசக்கிச்செல்வி செல்போனை வைத்துக்கொண்டு, மாமியாரைத் தவிர மற்ற ஒவ்வொருத்தி பக்கத்திலும் நின்று நேரம் பார்த்தாள். நின்று பார்க்கும்போது எல்லாரும் பறக்கிறார்கள். சங்கரேஸ்வரி தோளைச் சேர்த்து எறிகிற வேகத்துக்குக் கண் போகாது. அந்தப்பக்கம் நகர்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எங்கே தப்பு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மாதத்துக்கு ஒருநாள் கரண்டை நிறுத்துவார்கள். அந்த நாளில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுப்புத்தாய் கருவாட்டுக் குழம்பு. அபிஷா அவள் அம்மா வைத்த மொச்சைக் குழம்பு. கோமதித்தாய் எல்லாருக்குமாக உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் விட்டுக் கொண்டுவந்திருந்தாள். இசக்கிச்செல்வி சாப்பிடாமல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"களி ஆறுது மருமவளே" என்றாள் சுப்புத்தாய். "மெசினை மொறச்சுப் பாத்தா அது தைக்குமா?"

"திருப்பூர்ல எங்கன வேலை முட்டுதோ அங்கன துணி குமிஞ்சு கெடக்கும் சித்தி. பாத்த ஒடனே தெரிஞ்சிரும். இங்கன ஒரு எடத்துலயும் குமியல. ஆனா சரக்கும் வெளிய வரல. அது எப்பிடி?"

 பேச்சியம்மாள் களியை உருட்டினாள். அபிஷா தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"தண்டவாளம் மாதிரி நேரா போட்டுட்டீக" என்றாள் சுப்புத்தாய் கடைசியில். "ரயிலு பழகணும்லா. மெல்ல வரும்."

"ஆடி பொறக்கப்போவுது சித்தி. மெல்ல வந்தா ரயிலு பாய் வீட்டுக்குப் போயிரும்."

சுப்புத்தாய் குழம்புச் சட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த வாரம் சுப்புத்தாய் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. அவள் இரண்டு நாள் வர முடியாது. ஜிப் மெஷினில் இசக்கிச்செல்வியே உட்கார்ந்தாள்.

அவள் கை வேகமான கை. உட்கார்ந்தவள் நிமிரவில்லை. சங்கரேஸ்வரியிடமிருந்து இழுத்தாள், தைத்தாள், இடப்பக்கம் போட்டாள். இடப்பக்கம் என்பது கோமதித்தாயின் வலப்பக்கம். இரண்டு மெஷினுக்கும் நடுவே ஒரு பெஞ்சுப்பலகை. காலை டீ வருவதற்குள் அந்தப் பலகையில் துணி கோமதித்தாயின் முழங்கை உயரம் வந்தது. டீக்குப் பிறகு தோள் உயரம். பச்சையும் ஊதாவுமாகப் பூப்போட்ட துணி சரிந்து தரையில் விழுந்தது. மறுபக்கம் பேச்சியம்மாள், பூலம்மாள், அபிஷா மூன்று பேரும் வேலை வராமல் கையைக் கட்டி உட்கார வேண்டியதாயிற்று.

மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் கோமதித்தாயின் மெஷின் மட்டும் ஓடியது. ஓடும், நிற்கும். அவள் கழுத்தோரத்தில் வைக்கும் பைப்பிங் துணியை எடுத்துப் பெருவிரல் நகத்தால் கீறி மடிப்பாள். கழுத்து வளைவில் வைத்துப் பார்ப்பாள். மறுபடி கீறுவாள். பிறகுதான் மெஷினை மிதிப்பாள். ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் கூடுதல்.

இசக்கிச்செல்வி அப்போதுதான் நிமிர்ந்தாள். குவியலைப் பார்த்தாள். எல்லாரும் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தாள். சந்தியில் வைத்துப் பெரியவர் ஒருவரை வாடா என்று கூப்பிட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

சங்கரேஸ்வரி எழுந்து வந்து, கீழே விழுந்த துணியைப் பொறுக்கித் தன் முந்தானையில் போட்டு மறைத்துக்கொண்டாள்.

"எதுக்குக்கா எடுக்கீக?" என்றாள் இசக்கிச்செல்வி.

"கெடக்கட்டும் தாயி. எங்கிட்ட இருக்கட்டும்."

 மத்தியானம் எல்லாரும் சாப்பிட எழுந்தபோது கோமதித்தாய் எழவில்லை. மகன் கூப்பிட்டான். தலையை ஆட்டிவிட்டாள். சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் தைத்தாள். குவியல் குறையவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் மெஷினைத் துடைத்து உறை போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

சுப்புத்தாய் திரும்பி வந்த அன்று காலையில் சண்டை நடந்தது. வருகிற வழியிலேயே அபிஷா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்போலும். செருப்பைக் கழற்றும்போதே சுப்புத்தாய் தொடங்கிவிட்டாள்.

"ஏட்டி இசக்கி, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? மாமியா முன்னால துணியக் குமிச்சுப் போட்டு, ஊரு பாக்க வச்சிருக்க?"

"வேலை செஞ்சேன் சித்தி. வேற என்ன செஞ்சேன்?"

"வேலையா? நாங்க என்ன வேலை தெரியாத மூதிகளா? எனக்கு ஒன்ன மாதிரி ஓட்டத் தெரியாதா? மைனி கழுத்து மெதுவாத்தான் வரும்னு எங்களுக்கு மொத நாளே தெரியும். அதுக்குத் தக்கன நான் ஜிப்பைப் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன். சங்கரேஸ்வரி நூலு கோக்கேன் நூலு கோக்கேன்னு ஒக்காந்திருந்தா. பின்னால இருக்கவளுக, கை சும்மா இருந்தா மைனியச் சொல்லிக்காட்டுன மாதிரி ஆயிரும்னு ஒத்த ஓரத்தை ஒம்பது தடவ நீவுனாளுக. இத்தன நாளு ஒரு துணி குமிய விட்டிருப்போமா? மைனி மெசினு முன்னால துணி குமிஞ்சு கெடந்தா பாக்க நல்லாவா இருக்கு?"

 திருப்பூரில் மேஸ்திரி நகர்ந்ததும் கையை இழுக்கிறவர்களை இசக்கிச்செல்வி பார்த்திருக்கிறாள். மரியாதைக்காகக் கூலியை விட்டுக் கையை இழுக்கிறவர்களைப் பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் நிறைவாகத்தான் இருந்தது. என் தம்பி குடும்பத்துக்கு இந்தப் பெண்கள் வைத்திருந்த மதிப்பு அது.

கோமதித்தாய்க்கு அப்படி இல்லை. அவள் மெஷின் உறையைக் கையில் பிடித்தபடி நின்றாள். முகம் கறுத்துப்போயிருந்தது.

"சுப்பு, எத்தன நாளா?"

"மைனி, அது வந்து..."

"எத்தன நாளா எனக்கு எரக்கப்படுதீக?"

"எரக்கம் என்ன மைனி, மரியாத."

"எங்கிட்ட சொல்லாம செஞ்சா அதுக்குப் பேரு மரியாத இல்லட்டி. துணி குமிஞ்சா எனக்கு ஒருநாள் அவமானம். நீங்க கையக் கட்டுனா இத்தன வீட்டு அடுப்புல கை வைக்கீக. ஷெட்டு போனா ஒங்க மைனிய எந்த மெசினுல ஒக்கார வச்சு மரியாத பண்ணுவீக?"

சுப்புத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் மைனி."

"இப்பத் தெரிஞ்சுக்கோங்க. எல்லாரும் முழு வேகமா தைங்க. என் முன்னால குமிச்சுப் போடுங்க. கூரை முட்டக் குமியட்டும். நானும் பாக்கேன்."

அன்று அப்படியே தைத்தார்கள். மத்தியானத்துக்குள் கோமதித்தாயை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க முடியவில்லை. குவியலுக்குப் பின்னாலிருந்து மெஷின் சத்தம் மட்டும் வந்தது. ஓடும், நிற்கும். இசக்கிச்செல்வி மாமியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். இந்தத் தடவை கையில் செல்போன் இல்லை.

"அத்தை, ஒங்களுக்குத் தைக்க நேரமாகல. மடிக்கத்தான் நேரமாவுது. மெசினு சும்மா நிக்கி. மடிப்பைக் கீறி வேற ஆளு குடுத்தா மெசினு நிக்காம ஓடும்."

"யாரு கீறுவா?"

"ஆவுடைத்தாய்க்காவைப் பழக்குவோம்."

ஆவுடைத்தாய் முக்காலியில் இருந்தபடி கீறிக் கொடுத்தாள். கோமதித்தாய் வாங்கித் தைத்துப் பார்த்தாள். கழுத்து முறுக்கிக்கொண்டு நின்றது. பிரித்து எறிந்தாள். மறுபடி கீறினாள் ஆவுடைத்தாய். மறுபடி முறுக்கியது. அபிஷா கீறிப் பார்த்தாள், இசக்கிச்செல்வி கீறிப் பார்த்தாள்.

"என் நகம் முள்ளங்கி நறுக்கத்தான் ஆவும்" என்றாள் ஆவுடைத்தாய். "என்னைய விட்டுருங்க."

அப்போது கோமதித்தாய் கேள்வியைத் திருப்பிப் போட்டாள்.

"ஏட்டி அபிஷா, நான் கீறிக் குடுத்தா நீ இதைத் தப்பாம ஓட்டுவியா?"

"கீறினது இருந்தா ஓட்டிருவேன் பெரியம்மா. மடிப்பு மேலயே போறதுதான?"

"ஓட்டு பாப்போம்."

அபிஷா நின்றபடி ஓட்டினாள். கழுத்து படிந்து கிடந்தது. கோமதித்தாய் அதை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். பிறகு குவியலைப் பார்த்தாள். எழுந்தாள். சுவரோரம் கிடந்த இன்னொரு முக்காலியை இழுத்துவந்து ஆவுடைத்தாய் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பைப்பிங் துணிக் கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அபிஷா, என் மெசினுல உக்காரு."

சங்கரேஸ்வரியின் மெஷின் பாதித் தையலில் நின்றது.

முக்காலி என்பது மெஷின் தெரியாதவர்கள் உட்காரும் இடம். பிசிறு வெட்டுகிறவர்கள், பொறுக்கிப் போடுகிறவர்கள், வேலை பழக வந்தவர்கள். மெஷின்காரி முக்காலிக்குப் போனாள் என்றால் அவள் கையும் கண்ணும் போய்விட்டது என்று ஊரில் பொருள். ஆறு மெஷினுக்கு உடையவள், சங்கரபாண்டி பெண்டாட்டி, தரைக்கு ஒரு முழம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மெஷினில் பனவடலியிலிருந்து வந்த சின்னப் பெண்.

நான் எழுந்தேன்.

"ஏல மகராசா, ஒங்கம்மாவை எந்திரிக்கச் சொல்லு. சரக்கு போனாப் போவுது, பாய்ட்ட நான் பேசிக்கிடுதேன். என் தம்பி பொண்டாட்டி முக்காலில உக்கார நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

மகாராஜன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இசக்கிச்செல்வி சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோமதித்தாய் மகனிடம் எதுவும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியத்தான்" என்றாள்.

அந்தக் குரலை நேருக்கு நேர் நான் கேட்டது அன்றுதான். சுப்புத்தாய் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"பெரியத்தான், நீங்க பாய்ட்ட சொல்லு குடுத்தீக. அந்தச் சொல்லு இந்த மடிப்புலதான் இருக்கு. நான் மெசினுல உக்காந்தா அது போயிரும். முக்காலில உக்காந்தா நிக்கும். எது கௌரவம்னு நீங்களே சொல்லுங்க. நீங்க எந்திரிக்கச் சொன்னா எந்திரிச்சிருதேன்."

நகத்தால் அடுத்த துணியைக் கீறியபடியே பேசினாள். கை நிற்கவில்லை.

பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. தலைச்சனாகப் பிறந்தவன், சொன்னால் கேட்பாள். கேட்டு எழுந்துவிடுவாள் என்பதனாலேயே நான் சொல்லவில்லை.

"அபிஷா, பெரியம்மா சொன்னா உக்காருட்டி. என்ன நிக்க?" என்றேன்.

அபிஷா நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் விட்ட கீழ்மடிப்பு மெஷினில் இசக்கிச்செல்வி உட்கார்ந்தாள். கோமதித்தாய் கீறுவாள். அபிஷா வாங்கி ஓட்டுவாள். ஓட்டியது நேரே பேச்சியம்மாள் மடியில் விழும். இடையில் மெஷின் நிற்கவில்லை. மூன்று வீடு தள்ளித் தறியிலிருந்து வருகிற சத்தத்துக்கும் எங்கள் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

குவியல் அன்றே கரையவில்லை. மூன்றாம் நாள் பலகை தெரிந்தது. அதன் பிறகும் குவிந்தது, வேறு இடங்களில். ஒருநாள் ஓரம் சேர்க்கும் பூலம்மாளின் ஓவர்லாக் மெஷின் முன்னால் குவிந்தது. "ஏட்டி பூலு, ரயிலை நிப்பாட்டிட்டியே" என்று சுப்புத்தாய் கத்தினாள். யாரும் கையைக் கட்டவில்லை, மறைக்கவும் இல்லை. பேச்சியம்மாள் எழுந்து போய்த் தங்கச்சியிடமிருந்து பாதியை வாங்கிக்கொண்டாள். இன்னொரு நாள் மருமகள் முன்னாலேயே குவிந்தது. "திருப்பூர்க்காரி முன்னால குமியுது, போட்டோ எடுங்க" என்றாள் சுப்புத்தாய். இசக்கிச்செல்வி சிரித்துக்கொண்டே நாக்கைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

கோமதித்தாயின் பெருவிரல் நகம் ஓரம் வெடித்து ரத்தம் கட்டியது. வேப்பெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு இடது கையால் கீறினாள். இடது கை மடிப்பு முதலில் தேறவில்லை. வீட்டில் சோறு வடித்துவிட்டு, பழைய துணியை மடியில் போட்டு இடது கைக்குப் பழக்கினாள். ஆடி பிறந்த பிறகு எந்த மடிப்பு எந்தக் கை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆவுடைத்தாயையும் விடவில்லை. பக்கத்திலேயே வைத்துத் தினமும் நாலு துணி கீற வைத்தாள். முறுக்கினால் மண்டையில் ஒரு குட்டு. "ஆறு பிள்ள பெத்தவள குட்டுதா பாரு" என்று சிரித்துக்கொண்டே ஆவுடைத்தாய் மறுபடி கீறுவாள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் லாரி வந்து நின்றது. காற்று தணிந்திருந்தது. கோவில் பக்கம் பந்தல் போடும் சத்தம் கேட்டது. பெத்துராஜும் மகாராஜனும் மூட்டைகளை ஏற்றினார்கள். சிஹாபுதீன் ஒரு மூட்டையைப் பிரித்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக உருவி எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இன்னொரு மூட்டையிலும் பார்த்தார்.

"எல்லாம் தங்கச்சி தச்சதா? எப்பிடி முடிஞ்சுது?"

"தச்சது அபிஷா" என்றேன். "மடிச்சது கோமதித்தாய்."

ஷெட்டை விடுகிற பேச்சை அவர் எடுக்கவில்லை. அடுத்த சரக்குக்கு என்ன துணி வெட்டலாம் என்று மகாராஜனிடம் கேட்டார். லாரி கிளம்பியதும் கோமதித்தாய் முக்காலியில் இருந்தபடியே முதுகை நிமிர்த்திச் சோம்பல் முறித்தாள். பிறகு எல்லாருக்கும் வடையும் டீயும் வாங்கிவரச் சொன்னாள், மகனிடம் அல்ல, என்னிடம். நான் போய் வாங்கிவந்தேன்.

தவசுக் கூட்டத்தில் ரதவீதியில் வைத்துப் பாத்திரக்கடை ராஜதுரை என்னை நிறுத்தினார். சுற்றி நாலு பேர் நின்றார்கள்.

"என்ன அண்ணாச்சி, உங்க தம்பி சம்சாரத்தை மருமவ மெசினை விட்டு எழுப்பி முக்காலில உக்கார வச்சுட்டாளாமே? ஊரே பேசுது."

மருமகள் எழுப்பவில்லை. கோமதித்தாய் தானே எழுந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டதும் அவள்தான் என்று அந்த நாலு பேருக்கும் கேட்கச் சொன்னேன்.